மூன்றாவது வாக்கியம்

"சாதாரண ஆளா இருக்கறது வலிக்குமாங்க மேடம்?"

என்னோடு வேலை பார்த்த ஒருவர் இதைக் கேட்டு ஐந்து வருடம் ஆகிறது. கிண்டலாகக் கேட்கவில்லை. பல் பிடுங்கிக்கொண்டு வந்தவரிடம் அடுத்ததாக நாற்காலியில் உட்காரப் போகிறவர் கேட்பாரே, அப்படி, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு இன்றுவரை பதில் தெரியாது.

பதில் தெரியாதவர்களைத்தான் அறிவுரை எழுதச் சொல்வார்கள் போலிருக்கிறது. கட்டபெட்டுக்குப் பக்கத்தில் நான் ஒன்பது வருடம் வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையின் மேனேஜர் போன மாதம் போன் செய்தார். "டேஸ்டிங் ரூமுக்குப் புதுசா நாலு பேர எடுத்திருக்கறமுங்க. உங்க அனுபவத்தக் கொஞ்சம் எழுதிக் குடுத்தீங்கன்னா அவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். எனக்கு வயது முப்பத்து நான்கு. மகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டேன். அதற்குள் ஓய்வு பெற்ற அனுபவசாலி ஆகிவிட்டேன். எழுத எனக்கு என்ன தகுதி என்று யோசிப்பதற்குள் வாய் "சரிங்க" என்று சொல்லிவிட்டது. சரிங்க என்று சொல்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அந்தப் பயிற்சியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், புதிதாக வந்திருக்கும் நான்கு பேருக்கும்.

டீ எத்தனை நிமிடம் ஊற வேண்டும், கரண்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டாததைச் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவரை இங்கே விமலா என்று வைத்துக்கொள்வோம். எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்க. பேர மட்டும் மாத்தீருங்க. நல்ல பேரா வைங்க" என்றார். இது நல்ல பேரா என்று எனக்கு இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

விமலா அரவேணுக்காரர். என்னைவிட மூன்று வயது பெரியவர். எங்கள் டேஸ்டிங் ரூமில் அவரைப் போன்ற நாக்கு வேறு யாருக்கும் கிடையாது. ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, "நேத்து மத்தியானம் ட்ரையர் நின்னுச்சுங்களா? அப்ப உள்ள இருந்த தூளுங்க இது" என்பார். விசாரித்தால் நின்றிருக்கும். கோவையில் ஒரு டாக்டர் அவருக்கு ஆட்டிசம் என்று சொல்லியிருந்தார். அதை முதல் நாளே, பேரையும் ஊரையும் சொல்வது போல என்னிடம் சொன்னார்.

"எனக்கு ஆட்டிசமுங்க மேடம். மெஷின் சத்தம் ஆகாது, டியூப்லைட் ஆகாது. மூஞ்சியப் பாத்து மனசுல என்ன இருக்குதுன்னு கண்டுபுடிக்கத் தெரியாது. உங்களுக்கு என்னங்க?"

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லீங்களே."

"ஒண்ணுமில்லாம எப்புடிங்க இருக்கும்? டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

காட்டவில்லைதான். எங்களைப் போன்றவர்களை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போவதில்லை. நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அதுதான் எங்கள் ஆரோக்கியச் சான்றிதழ்.

விமலாவிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. அது டீயைப் பற்றியது என்றுதான் முதலில் நினைத்தேன். எங்களைப் பற்றியது. சாதாரண ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று அவர் கவனித்தவற்றை அதில் எழுதி வைத்திருந்தார். எங்கள் மேனேஜர் யாரைப் பார்த்தாலும் "ஒரு நாளைக்கு ஊட்டுப்பக்கம் வாங்க" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விமலா போய் நின்றுவிட்டார். திங்கட்கிழமை எனக்கு அறிக்கை வந்தது.

"கூப்பிட்டாருன்னு போனனுங்க. அவங்க ஊட்டுக்காரம்மா வாங்க வாங்கன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. கதவ மட்டும் பாதிதான் தொறந்தாங்க. உப்புமா குடுத்தாங்க. நான் இருந்தது இருவது நிமிசம். அதுக்குள்ள நாலு தடவ கடிகாரத்தப் பாத்தாங்க. கடிகாரம் ரிப்பேருங்களான்னு கேட்டனுங்க."

"ஐயோ விமலா, அது சும்மா சொல்றதுங்க. நெசமா வரச்சொல்றது இல்லீங்க."

"வர வேண்டாம்னா எதுக்குங்க வாங்கன்னு சொல்றது?"

"ஒரு மரியாதைக்கு."

கொஞ்சம் யோசித்தார். "தும்மல் மாதிரிங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்காமல் நோட்டைத் திறந்து எழுதினார்: 'வீட்டுக்கு அழைத்தல். தும்மல் வகை. தானாக வருகிறது. நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.'

முகத்தைப் பார்த்து மனதைப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்லப்பட்டவர் பாதிக் கதவையும் நாலு தடவை கடிகாரத்தையும் எண்ணி வைத்திருந்தார். கூப்பிட்டதையே மறந்துவிட்ட மேனேஜருக்கு ஒரு குறையும் இல்லை. அவர் சாதாரண ஆள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விமலா எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார் என்று நான் நினைத்திருந்தேன். பரிதாபப்பட்டார். ஒரு நாள், "உங்களுக்குச் சட்டையோட தையலு தெரியாதுங்களா?" என்று கேட்டார். எந்தத் தையல் என்றேன். தோளில், கக்கத்தில், இடுப்பில் உறுத்திக்கொண்டே இருக்குமே, அது. தெரியாது என்றேன். டியூப்லைட்டின் சத்தம்? டியூப்லைட்டுக்குச் சத்தம் உண்டா என்றேன்.

"பாவமுங்க" என்றார், மனதார. "உங்கள எதுவுமே தொடறதில்ல. உள்ள காலியாக் கெடக்குது. அதனாலதான் அடுத்தவங்க மூஞ்சிகளப் புடிச்சுப் போட்டு ரொப்பிக்கறீங்க."

எங்கள் டேஸ்டிங் நடக்கும் விதத்தைப் பார்த்த யாரும் அதை மறுக்க முடியாது. காலை பத்து மணிக்கு மேசையில் பதினொரு கோப்பை. முதலில் முதலாளி உறிஞ்சுவார். நாங்கள் நாலைந்து பேர் கரண்டியோடு நின்று அவருடைய புருவத்தைப் பார்ப்போம். புருவம் ஏறினால் நல்ல டீ. பிறகு நாங்கள் உறிஞ்சுவோம். என்ன ஆச்சரியம், எங்களுக்கும் நல்ல டீயாகவே இருக்கும்.

"உங்க ஆளுங்க அத்தன பேருக்கும் சேத்து நாக்கு ஒண்ணுதானுங்களா மேடம்?" என்று விமலா கேட்டார். "இருக்கறதுலயே பெரியவரு யாரோ அவரு வாயில இருக்குது. அங்கிருந்து மத்தவங்களுக்கு லைன் இழுத்திருக்குது. கரண்ட் மாதிரி."

எனக்குக் கோபம் வந்தது. நான் படித்தவள், எனக்கென்று சொந்தமாக ஒரு நாக்கு இருக்கிறது. நிரூபிப்பதற்காகப் பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். ஒரு வாரத்தில் பதினொரு கோப்பையிலும் 'மணம் குறைவு' என்று நாங்கள் எல்லோரும் தனித்தனியாக எழுதியிருந்தோம். அந்த வாரம் என்ன நடந்தது என்று யோசித்தேன். முதலாளிக்கு ஜலதோஷம்.

விமலா எட்டிப் பார்த்தார். "கரண்ட் கட்டு" என்றார்.

இதெல்லாம் எங்களுக்குள்ளேயே இருந்தவரை வேடிக்கைதான். ஒரு நாள் வெளியிலிருந்து டீ வாங்க வந்த ஏஜென்ட் முன்னால், எங்கள் தொழிற்சாலையின் டீயை வாயில் வைத்துவிட்டு, "இதக் குடிக்க முடியாதுங்க. போன வாரத்துத் தூளக் கலந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டார். கலந்திருந்தது உண்மை. அதனால்தான் முதலாளிக்கு அவ்வளவு கோபம். என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தப் புள்ளைக்கு நாக்கு நல்லாருக்குது. வாய்தான் சரியில்ல. நீதான் படிச்சவ, மனுசங்க மாதிரி பேசச் சொல்லிக் குடு. இல்லீன்னா சிஃப்டிங்குக்கு அனுப்பிருவேன்."

சிஃப்டிங் என்பது தூளைச் சலித்துத் தரம் பிரிக்கிற கூடம். நாள் முழுக்க சல்லடை மெஷின்கள் அதிரும், தூள் பறக்கும், தலைக்கு மேல் இருபது டியூப்லைட். தொழிற்சாலையில் கதவைச் சாத்தினால் சத்தம் நிற்கிற ஒரே அறை டேஸ்டிங் ரூம்தான். விமலாவை சிஃப்டிங்குக்கு அனுப்புவது இடமாற்றம் ஆகாது. வேலையை விட்டுப் போ என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். அது எனக்குத் தெரியும். ஆகவே அவருடைய வேலையைக் காப்பாற்றும் பொறுப்பு என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன். நான் பொறுப்பு எடுத்துக்கொண்டால் அதைச் சும்மா விடமாட்டேன்.

அட்டவணை போட்டேன். பிரிண்ட் எடுத்தேன். முதல் வாக்கியம் பாராட்டு. இரண்டாவது வாக்கியம் இன்னொரு பாராட்டு. மூன்றாவது வாக்கியம் 'ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பித்துக் குறையைச் சொல்வது. மூன்றுக்கும் பொதுவாகப் புன்னகை. கண்ணைப் பார்க்க முடியவில்லை என்றால் இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார்க்கலாம். மூன்று வாரம் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சி.

"சின்ன விசயம்னு எதுக்குங்க சொல்லணும்? பெரிய விசயமா இருந்தா?"

"பெருசா இருந்தாலும் சின்னதுன்னுதான் சொல்லணும்."

"பொய்யில்லீங்களா?"

"இல்லீங்க, மரியாதை."

"தும்மல்" என்று எழுதிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, என் புருவ நடுவைப் பார்த்துப் புன்னகையோடு, "மேடம், உங்க சேல நல்லாருக்குதுங்க" என்றார். எனக்கு ஒரே பெருமை. "அட, தேங்க்ஸ் விமலா!" என்று சொல்லிவிட்டு டெஸ்பாட்ச் பக்கம் போய்விட்டேன். அங்கே லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாம் நாசூக்காக வேறு பக்கம் திரும்பி நின்றார்கள். சேலை பின்பக்கம் ஒரு முழம் கிழிந்திருந்தது.

திரும்பி வந்து, "ஏங்க விமலா, சொல்லக்கூடாதுங்களா?" என்றேன்.

"மூணாவது வாக்கியத்துல வெச்சிருந்தனுங்க. நீங்க ஒண்ணாவதுலயே போயிட்டீங்க."

இரண்டு நாள் இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். புதியவர்களே, எச்சரிக்கை என்பது மணி அடித்துக்கொண்டு வரும் என்று நினைக்காதீர்கள். டீ பிரேக்கில் சொல்லிச் சிரிக்கிற மாதிரியும் வரும்.

அந்த வருடம் மழை அதிகம். குடோன் ஒழுகியதால் தூள் மூட்டைகளை நான்கு நாள் பக்கத்துக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அந்தக் கொட்டகையில் அதற்கு முந்தின வாரம்வரை இருந்தவை நீலகிரித் தைல டின்கள். தூள் எந்த வாசனை பக்கத்தில் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும் என்பது முதல் நாள் பாடம். அதை எங்களில் யாரும் நினைக்கவில்லை. காரணம் அலட்சியம் என்று சொல்லமாட்டேன். இந்த மலையில் பிறந்தவர்களுக்குத் தைலம் ஒரு வாசனையே இல்லை. சாலையோரம் தைல மரம், மழை வந்தால் காற்றில் தைலம், சளி பிடித்தால் நெஞ்சில் தைலம். எங்கள் மூக்குக்கு அது காற்றின் மறுபெயர்.

அந்த மூட்டைகளில் இருந்து எடுத்த சாம்பிளைத்தான் ஈரோட்டிலிருந்து வந்த வியாபாரி முன்னால் வைத்தோம். முதல் தடவையாக நேரடியாக வாங்க வந்தவர், பெரிய ஆர்டர். முதலாளி அன்று புதுச் சட்டை போட்டிருந்தார். மரியாதைக்காக வியாபாரியை முதலில் குடிக்கச் சொன்னார்கள். அவர் உறிஞ்சினார். கண்ணை மூடினார்.

"ஆகா! என்னமோ ஒரு குளுகுளுப்பு. மலைக்காத்தயே குடிச்ச மாதிரி இருக்குதுங்க!"

முதலாளி குடித்தார். "எங்க மலையோட மணமுங்க அது" என்றார். புருவம் உச்சிக்குப் போனது.

மேனேஜர் குடித்தார். மலைக்காற்று. அடுத்தவர் குடித்தார். மலைக்காற்று. நான் குடித்தேன். என் நாக்கில் பட்டது தைலம். சின்ன வயதில் என் அம்மா நெஞ்சில் தேய்த்துவிட்ட அதே தைலம். ஒரு நொடி, அதற்குமேல் இல்லை. எல்லோர் முகத்தையும் பார்த்தேன். அத்தனை முகத்திலும் மலைக்காற்று. நமக்குத்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தேன். கடைசியாக விமலா குடித்தார். துப்பினார். நிமிர்ந்தார். முதலாளியின் புருவ நடுவைப் பார்த்தார். புன்னகைத்தார்.

"டீ நல்லாருக்குதுங்க சார்."

முதலாளியின் முகத்தில் நிம்மதி.

"கலரும் நல்லாருக்குதுங்க."

முதலாளி கை தட்டிவிட்டார். "பாத்தீங்களா! எங்க விமலாவே நல்லாருக்குதுன்னு சொல்லிட்டா. இதுக்கு மேல சர்ட்டிபிகேட் எதுக்குங்க? வாங்க, சாப்பிடப் போலாம்." வியாபாரி எழுந்தார். நாற்காலிகள் நகர்ந்தன. "ஒரு சின்ன விசயமுங்க" என்று விமலா சொன்னது எனக்குக் கேட்டது. அவரைத் தவிர அந்த அறையில் அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். என் கையில் பேனா இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். என் புருவ நடுவை அல்ல, கண்ணை.

"எழுதிரும்மா" என்றார் முதலாளி, வாசலில் இருந்தே.

எழுதினேன். 'புத்துணர்ச்சியான குளிர்ந்த மணம். நல்ல நிறம்.' கீழே என் கையெழுத்து. நெருக்கடியில் முடிவெடுப்பது எப்படி என்று உங்களுக்கு வகுப்பு நடத்துவார்கள். என் அனுபவத்தில் நெருக்கடி அரை நிமிடம்கூட இருப்பதில்லை. முடிந்த பிறகுதான் அது நெருக்கடி என்றே தெரிகிறது.

மூன்றாவது வாரம் மூட்டைகள் அத்தனையும் திரும்பி வந்தன. கூடவே வியாபாரியின் குரல் செய்தி: "உங்க டீயக் குடிச்சதுல எங்க மாமியாருக்கு நெஞ்சுச் சளி கரஞ்சிருச்சுங்க. மீதியக் கால் முட்டிக்குத் தேச்சுப் பாக்கலாங்களா?"

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். நான் எழுதிய தாள் அவர் கையில் இருந்தது. "நான் வயசானவன். எனக்கு எப்பவும் சளி. மேனேஜருக்கு பீடி. இந்தப் புள்ளையோட நாக்குக்காகத்தான இவள இந்த ரூம்ல உக்கார வெச்சிருக்கறேன்? இவளே நல்லாருக்குதுன்னா நான் யாரக் கேக்கறது?"

"மூணாவது வாக்கியம் இருந்துச்சுங்க சார்" என்றார் விமலா.

"என்ன வாக்கியம்?"

"சின்ன விசயம்னு ஆரம்பிக்கறதுங்க. நீங்க ரெண்டாவதுலயே கை தட்டிட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்; எழுதிவிட்டேன். அன்று மதியமே விமலா சிஃப்டிங்குக்கு அனுப்பப்பட்டார்.

காதில் பஞ்சு, அதன்மேல் மஃப்ளர், அதன்மேல் கம்பளித் தொப்பி. முதல் நாள் அப்படிச் சமாளித்தார். இரண்டாம் நாள் சல்லடை ஓடும்போது சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் முதலாளி அறைக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடு, முறைப்படியே தொடங்கினேன். "சார், நீங்க எந்த முடிவா இருந்தாலும் யோசிச்சுத்தான் எடுப்பீங்க."

"அதான்மா" என்றார் உருகிப் போய். "இந்த பேக்டரியில என்னப் புரிஞ்சுக்கிட்டவ நீ ஒருத்திதான். உக்காரு, டீ குடி."

குடித்தேன். நன்றி சொன்னேன். வெளியே வந்துவிட்டேன். என் மூன்றாவது வாக்கியம் என் வாயிலேயே இருந்தது.

நான்காம் நாள் விமலா வரவில்லை. மத்தியானம் லீவு சொல்லிவிட்டு அரவேணுவுக்குப் பஸ் ஏறினேன். அவர் வீட்டில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டியிருந்தது. தரையில் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. கதவை முழுசாகத் திறந்துவிட்டார். வழியெல்லாம் மனதில் எழுதிக்கொண்டு வந்த ஆறுதல் வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"விமலா, அன்னிக்கு எனக்கும் தைல வாசம் தெரிஞ்சுதுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் தெரிந்தது ஆச்சரியம் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

"உங்களுக்குத் தனியா நாக்கு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"மேனேஜருக்கு?"

"அவருக்கும் இருக்கும்."

நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். "நான் தப்பா எழுதி வெச்சிருக்கறனுங்க" என்றார். "உங்களுக்கெல்லாம் தெரியறதில்ல, பாவம்னு எழுதியிருக்கறேன். தெரிஞ்சே மடிச்சு வெச்சுக்கறீங்களா? தினமும்? எல்லாருமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போதுதான் கேட்டார். "சாதாரண ஆளா இருக்கறது வலிக்குமாங்க மேடம்?" கேட்டுவிட்டு எழுந்து போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குத் தேவைப்படும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை முதலாளி அறைக்குள் போய் நின்றபடியே சொன்னேன். "தப்பு என்னுதுங்க சார். எனக்குத் தைலம் தெரிஞ்சுது. விமலா சொல்ல வந்ததும் கேட்டுச்சு. நான் எழுதல."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"நீங்க கை தட்டுனீங்க."

அதற்குப் பிறகு என்னை உட்காரச் சொல்லவில்லை, டீயும் வரவில்லை. என்னிடமிருந்து பேனா போனது. கையெழுத்துப் போடும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அது நியாயம். பத்து நாள் கழித்து விமலா டேஸ்டிங் ரூமுக்குத் திரும்பினார், தானே போட்ட ஒரு நிபந்தனையோடு. இனி அவர் வாயால் கருத்துச் சொல்லமாட்டார். குடித்ததும் துண்டுக் காகிதத்தில் எழுதித் தன் கோப்பைக்கு அடியில் வைத்துவிடுவார். முதலாளி அதைக் கேட்டுவிட்டு, "அப்ப எல்லாருமே எழுதுங்க. நான் குடிக்கறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சுருங்க" என்றார். நியாயத்துக்காகச் சொன்னாரா, இன்னொரு லோடு திரும்பி வரும் பயத்தில் சொன்னாரா என்று கேட்காதீர்கள். நாளை உங்கள் நான்கு பேர் கையிலும் அந்தத் துண்டுக் காகிதம் தரப்படும். அது தன்னுடைய கண்டுபிடிப்பு என்று முதலாளி சொல்வார். மறுக்க வேண்டாம், தும்மல் வகை.

இதோடு முடித்திருந்தால் அனுபவசாலியாகவே இருந்திருப்பேன். ஆனால் நான் வேலையை விட்டது என் மகளுக்காக. அவளுக்கு நான்கு வயது. சட்டையின் தையல் உறுத்துகிறது என்று அழுவாள். வீட்டுக்கு வந்த உறவினரிடம், "நீங்க எப்பப் போவீங்க?" என்று கேட்பாள். வீட்டில் இருந்த எல்லோரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது வேறு விஷயம். இரண்டு மாதத்துக்கு முன்னால் கோவை டாக்டர், விமலாவுக்குச் சொன்ன அதே வார்த்தையை எங்களுக்கும் சொன்னார். திரும்பி வரும் வழியில் கோத்தகிரி வரைக்கும் அவள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். நான் என் தப்புகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

கோத்தகிரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மற்றவர்களோடு பழகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வகுப்பு இருக்கிறது. அன்பான டீச்சர். வருகிற திங்கட்கிழமை சேர்க்க வேண்டும். முன்கூட்டியே வீட்டில் பழக்கச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார், படங்களோடு. கண்ணைப் பார். சிரி. முதலில் நல்லதாக ஒன்று சொல். பிறகு உனக்கு வேண்டியதைக் கேள். டீச்சர் நல்லவர், தாளும் நன்றாகவே அச்சாகியிருக்கிறது. ஆனால் நான் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அதே பாடத்தை நான் ஏற்கெனவே ஒருவருக்கு நடத்தியிருக்கிறேன், மூன்று வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

விமலாவுக்குப் போன் செய்து, என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"தெரியாதுங்க மேடம்" என்றார். "நீங்க சொல்லிக் குடுத்ததால பஸ்ஸுல, கடையில யாரும் என்ன மொறைக்கறதில்லீங்க. அது நல்லாருக்குது. நீங்க சொல்லிக் குடுத்ததாலதான் சிஃப்டிங்குக்கும் போனனுங்க. ரெண்டும் நெசந்தானுங்க."

"பாப்பாவச் சேக்கட்டுங்களா, வேண்டாமுங்களா?"

"எதுத்தாப்புல இருக்கறவங்க மூணாவது வாக்கியம் வரைக்கும் நிக்கறதுக்கு ஏதாச்சும் கிளாஸ் இருக்குதுங்களா?"

"இல்லீங்க விமலா."

"ஏனுங்க?"

இதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. என்னிடம் சேர்ந்திருக்கும் கேள்விகளில் இது இரண்டாவது.

கற்றுக்கொடுக்காவிட்டால், உலகம் என் மகளை அதன் சிஃப்டிங் கூடத்துக்கு அனுப்பிவிடும். கற்றுக்கொடுத்தால், அவளும் ஒரு நாள் எல்லோரும் எழுந்து போய்விட்ட அறையில் புன்னகையோடு நிற்பாள், சொல்ல வேண்டியது வாயிலேயே இருக்க. அப்போது பேனா யார் கையில் இருக்கும்? என்னைப் போல ஒருத்தி கையில் இருந்தால்?

வீட்டில் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பிறகு, நான் எதை விரும்புகிறேன் என்று நினைக்கிறார்களோ அதைச் சொல்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்களுக்கு என் முகம் தெரியாது. திங்கட்கிழமைக்குள் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன எழுதுகிறார் என்று பார்க்காதீர்கள், முதலாளி வருவதற்குள் எழுதி மடித்து மேனேஜரிடம் கொடுங்கள். நான்கு வயதுப் பெண்ணை அந்த வகுப்பில் சேர்க்கலாமா, கூடாதா? கட்டுரை நன்றாக இருக்கிறது என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். அங்கேயே நன்றி சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். மூன்றாவது வாக்கியத்தை முதலில் எழுதுங்கள்.